முடி பார்ப்பவள்

ஒரு வயலின் வில்லில் 150 முதல் 200 குதிரைவால் முடிகள் இருக்கும். வாசிப்பவர்கள் அந்த வில்லை 'போ' என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் பேர். தொடர்ந்து வாசிக்க வாசிக்க முடி தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். பிறகு எவ்வளவு ரோசின் தடவினாலும் தந்தியைப் பிடிக்காது. பழைய முடியை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். தேனாம்பேட்டையில், அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நடக்கும் வேலை இது. தாத்தா கட்டினார், அவருக்குப் பிறகு அப்பா கட்டினார். இந்த வரிசையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

இந்த வரிசையில் ஆயாவும் அம்மாவும் கிடையாது. அவர்கள் கட்டவில்லை, 'முடி பார்த்தார்கள்'.

முடி பார்ப்பது என்றால் என்ன? மங்கோலியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் முடி கற்றையாகத்தான் கைக்குக் கிடைக்கும். ஒரே கற்றைக்குள் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும். சில முடி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத முடிச்சு இருக்கும், சில பாதியில் மெலிந்துவிடும். அப்படி ஒன்று உள்ளே போனால் அது முதலில் அறும். ஒரு பக்கமாக அறுந்துகொண்டே போனால் இழுவிசை மாறி வில்லின் குச்சியே கோணும். அதனால் ஒவ்வொரு முடியாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வேர் முதல் நுனி வரை உருவிப் பார்க்க வேண்டும். ஒரு போவுக்கு முடி கட்ட அப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். முடி பார்க்க அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அவளுடைய மாமியார். கல்யாணமான மூன்றாவது வாரம் சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டு, மடியில் ஒரு வெள்ளைத்துணியை விரித்து உட்காரவைத்தாளாம். அது எண்பதுகளின் நடுப்பகுதி. சினிமாப் பாட்டுப் பதிவுகளில் வயலின்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்த காலம். இளையராஜாவின் பாடல்களில் அந்த வயலின் கூட்டம் எப்படி ஒலிக்கும் என்று தமிழ் கேட்கும் எல்லோருக்கும் தெரியும். கோடம்பாக்கத்திலிருந்தும் சாலிகிராமத்திலிருந்தும் போக்கள் கட்டாக எங்கள் வீட்டுக்கு வரும். கார்த்திகை பிறந்துவிட்டால் மார்கழிக் கச்சேரிக்காக சபா வித்வான்களும் வருவார்கள். அந்த மாதங்களில் ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் அம்மா முடி பார்த்த கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. வாடிக்கையாளர் பேர், தேதி, தொகை என்று எல்லாம் உள்ள அப்பாவின் நோட்டில் அம்மாவின் கண்வலிக்கு ஒரு பத்தி இல்லை.

வெறும் பொறுக்குகிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஈரக்காற்றில் குதிரைமுடி நீளும், வறண்ட காற்றில் சுருங்கும். மழை நாளில் இறுக்கிக் கட்டிய போவைக் குளிர்சாதன அரங்குக்குள் கொண்டுபோனால் முடி சுருங்கிக் குச்சியை இழுக்கும். அப்பா கட்ட உட்காரும்போது, "இன்னைக்கு ஒரு நூல் தளர்த்தி வைங்க" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். அவரும் தளர்த்தி வைப்பார். வானிலையை விரலில் படித்தவள் அவள். வித்வான்கள் பாராட்டியதோ அப்பாவின் கைராசியை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயலின் சரஸ்வதி, அதனால் மாதத்தில் அந்த மூன்று நாள் அம்மா அதைத் தொடக் கூடாது. ஆனால் முடி பார்க்கலாம். எப்படி என்று சிறுவயதில் ஆயாவிடம் கேட்டேன். "அது குதிர வாலுடி, அதுல என்ன தீட்டு?" என்றாள். கட்டி முடித்து வித்வான் கைக்குப் போகும்போதுதான் அந்த முடி சரஸ்வதி ஆகும். அதுவரை அது அழுக்கு, அழுக்கை அந்த மூன்று நாளும் பெண் தொடலாம். இதே தொழிலில் ஆண்குதிரையின் வால்முடிதான் ஒசத்தி என்று சொல்வார்கள். பெண்குதிரையின் வால் மூத்திரத்தில் நனைந்து முடி வீணாகுமாம். தீட்டு குதிரையையும் விடவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போனபோது நான் கல்லூரி முடித்திருந்தேன். முப்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த வேலையை அம்மா ஒரே வாரத்தில் கட்ட ஆரம்பித்தாள். நூலால் இறுக்கி முடிச்சிடுவது, முடிச்சைத் தலைக்குழியில் இறக்கி மரஆப்பு வைப்பது, ஈரச்சீப்பால் வாரிப் பட்டை நாடாவைப் போல் விரிப்பது எல்லாம் கையிலேயே இருந்தது. எனக்கும் கற்றுக்கொடுத்தாள். ஆனால் வாசல் அறையில் அப்பாதான் உட்கார்ந்திருந்தார். போவை வாங்குவதும் கொடுப்பதும் அவர். இரண்டு வருஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "கை போனாலும் வேலை போகலை பாருங்க" என்றுகூட ஒருவர் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தொழில் நிற்கக் கூடாது என்பது அவர் கவலை. அதற்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் போன பிறகு, "இனி நாங்கள்தான் கட்டுகிறோம்" என்று சொன்னோம். பழைய வாடிக்கையாளர் ஒருவர் போவை வாசித்துப் பார்த்துவிட்டு, "அப்பா கட்டின மாதிரி இல்லையேம்மா" என்றார். அதற்கு முந்தைய தடவை அவர் புகழ்ந்த போவையும் கட்டியவள் அம்மாதான்.

இது எங்கள் சந்துக் கதை மட்டும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு தூர்த்தைப் பற்றிப் படித்தேன். இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படும் வயலின் வில்லுக்கு வடிவம் கொடுத்தவர் பாரிஸைச் சேர்ந்த பிரான்சுவா சேவியர் தூர்த். 1835இல் இறந்தார். பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்தைத் தேர்ந்தெடுத்துச் சூட்டில் வளைத்து அவர் செய்த வில்லைத்தான் இன்றும் நகலெடுக்கிறார்கள். அந்த மரம் அரிதாகிப்போய் 2007இலிருந்து அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வில்லின் ஸ்ட்ராடிவாரி என்று அவரைச் சொல்வார்கள். ஃபெத்திஸ் என்ற இசையறிஞர் 1856இல் வெளியிட்ட புத்தகத்தில் தூர்த்தின் பட்டறையைப் பற்றி எழுதும்போது, போகிறபோக்கில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். தூர்த்தின் மகளுக்கு முக்கியமான வேலையே முடிகளைப் பிரித்தெடுப்பதுதான். உருண்டையாகவும் ஒரே சீராகவும் இல்லாததை அவள் ஒதுக்குவாள். பத்தில் ஒரு முடிதான் தேறும்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அம்மாவின் மடியில் கிடந்த வெள்ளைத்துணி நினைவுக்கு வந்தது. பாரிஸ் ஜன்னலோரத்திலும் ஒருத்தி இப்படித்தான் உட்கார்ந்து முடியை உருவிக்கொண்டிருந்திருக்கிறாள். தூர்த் செய்த வில்கள் இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகின்றன. ஃபெத்திஸின் குறிப்பில் அவள் தூர்த்தின் மகள், அவ்வளவுதான்.

இசைக்கருவித் தொழிலில் பலகைகளே அப்படித்தான். லண்டனில் 1880இல் தொடங்கி உலகப்புகழ் வில்களைச் செய்த நிறுவனத்தின் பேர் டபிள்யூ.ஈ. ஹில் அண்ட் சன்ஸ். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய முக்கியமான புத்தகத்தின் தலைப்பு 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. தோலைத் தொடும் கை தாழ்ந்தது, அதே தோலில் வாசிக்கும் கை உயர்ந்தது என்ற சாதிக்கணக்கை அந்தப் புத்தகம் உடைத்துக் காட்டுகிறது. எங்கள் வீட்டுக் குதிரைமுடித் தீட்டுக்கும் அந்தக் கணக்குக்கும் உறவு உண்டு. அதே கணக்கு வீட்டுக்குள் நுழையும்போது பெண்ணின் கையில் வந்து நிற்கிறது.

மேடையிலாவது காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. எங்கள் சந்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. அங்கே வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணுக்கு, அ. கன்யாகுமரிக்கு, சங்கீத கலாநிதி கிடைக்க 2016 ஆனது. தாமதம்தான், ஆனாலும் பேர் பதிந்தது. பட்டறையில் அப்படிப் பதிந்த பேராக எனக்குத் தெரிந்தது மானாமதுரையின் மீனாட்சி கேசவன். சக்கரத்திலிருந்து இறங்கிய கடத்தை மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டிச் சுவரைச் சமமாக்குவது அவர் கை. அந்தத் தட்டல் இல்லாவிட்டால் அது வெறும் பானை. சங்கீத நாடக அகாடமி விருது அந்தக் கைக்குக் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி சாப்பிடும்போது, "தட்டுறதுக்குமா குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த மாதம் கைவினைஞர் அடையாள அட்டைக்காக அவளை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். "நீங்க செய்யறீங்களா, இல்ல வீட்டுக்காரருக்கு உதவி பண்ணீங்களா?" என்று மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "உதவிதான் சார்" என்றாள். முப்பது வருஷத்தை ஒரு சொல்லில் மடித்துக் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பிலேயே, சம்பளமில்லாமல் குடும்பத்தொழிலில் வேலை செய்பவர்களுக்கு 'உதவியாளர்' என்றுதான் பேர். அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த சொல்லைத்தான் அவள் திருப்பிக் கொடுத்தாள்.

அதனால் சொல்லிலிருந்தே தொடங்கினேன். புது ரசீதுப் புத்தகம் அடித்தேன். முன்பு 'போ கட்டுதல்' என்று ஒரே வரி, ஒரே தொகை. இப்போது இரண்டு வரி: முடி பார்த்தல், முடி கட்டுதல். இரண்டுக்கும் தனித்தனித் தொகை. மொத்தத்தை ஏற்றவில்லை. முடி பார்த்த தொகை அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கட்டுவது இப்போது பெரும்பாலும் நான். அந்தத் தொகை எனக்கு. "இதுக்கெல்லாமா தனியா காசு போடுவாங்க? சிரிக்கப் போறாங்க" என்று அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

போன மார்கழிக்கு முன்னால் வயலின் கற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். ரசீதைப் படித்துவிட்டு, "முடி பார்த்தல்னா என்னக்கா?" என்று என்னிடம் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா வந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்து, கற்றையிலிருந்து இரண்டு முடியை உருவி அவள் விரலுக்கு நடுவே வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். கண்ண மூடிக்கோ. எது கெட்டதுன்னு நீயே சொல்லு."