வந்து மறையும் இல்லத்

அரபு மொழியில் ‘இல்லத்’ என்றொரு சொல் உண்டு. நோய் என்பதும் அதன் பொருள். காரணம் என்பதும் அதன் பொருள். பிணியும் அதன் வேரும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. இலக்கணத்திலும் அச்சொல் வருகிறது. அலிஃப், வாவ், யா என்னும் மூன்றையும் ‘இல்லத்தின் எழுத்துகள்’ என்பர். ‘கால’ என்றால் சொன்னான். ‘யகூலு’ என்றால் சொல்கிறான். ‘குல்’ என்றால் சொல்வாயாக. முதற்சொல்லில் அலிஃபாக நின்றது, இரண்டாவதில் வாவாக மாறுகிறது. மூன்றாவதில் காணாமலே போய்விடுகிறது. நம் தமிழிலும் ‘காடு’ என்பதன் ஈற்றிலுள்ள உகரம், ‘எல்லாம்’ என்ற சொல் வந்து சேர்ந்ததும் மறைந்து, ‘காடெல்லாம்’ என்றாகிறது. முதலாண்டு மாணவனுக்கு இவை எழுத்துகளின் மனம்போன போக்காகத் தோன்றும். விதியைக் கற்றபின், வருவதும் மறைவதும் ஓர் ஒழுங்கின்படியே நிகழ்கின்றன என்று தெளிவான்.

இயந்திரத்தில் வந்து மறையும் குறைக்கும் அத்தகைய ஒழுங்கு உண்டு. அதனை அறியப் பொறுமை வேண்டும். அப்பொறுமை இல்லாத இடத்தில் பழி எவர் தலையிலேனும் விழுந்துவிடும். சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் அவ்வாறு நேரவிருந்தது.

அதிராம்பட்டினத்தில் வாழும் என் ராத்தாவுக்குச் சிறுநீரகங்கள் செயல் குன்றியதால், வாரம் இருமுறை தஞ்சாவூருக்குச் சென்று டயாலிசிஸ் செய்துவர வேண்டும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வழி. அதற்கென அவர் பிள்ளைகள் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தனர். அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் அதனை ஓட்டினார். தந்தையை இழந்தவர், தாயும் இரு தங்கையரும் அவர் சம்பளத்தை நம்பியே இருந்தனர்.

அந்தக் கார் திடீர் திடீரென்று கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என ஒரே ஓசை, பிறகு அமைதி. விளக்குகள் எரியும், ஹாரன் ஒலிக்கும், இயந்திரம் மட்டும் சுழலாது. அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். சிகிச்சை முடிந்து சோர்ந்து திரும்பும் நோயாளி, கடைத்தெரு வெயிலில் காருக்குள் முடங்கிக் கிடப்பது சிறிய துன்பமா? ஓர் ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக இருந்தது; பதினோராம் நாள் பழைய கதை.

இந்நிலையில் வெளிநாட்டிலிருந்த மூத்த மருமகன் போனில் பேசினான். “மாமா, கோளாறு காரில் இல்லை. அந்தப் பையன் காரை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்டுக் கேட்டே பேட்டரியைத் தீர்க்கிறான். ஒர்க்‌ஷாப்காரரிடம் கமிஷனும் இருக்கலாம். ஆளை மாற்றிவிடுங்கள்” என்றான். தாயின் மீதுள்ள பாசமே அவனை அவ்வாறு பேச வைத்தது. எனினும் ஐயம் வேறு, சான்று வேறு. “ஐந்து வாரம் பொறு” என்று சொல்லிவிட்டு, அவ்விளைஞரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். “தம்பி, ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் எழுதி வையுங்கள். கிளம்பினாலும் எழுத வேண்டும், கிளம்பாவிட்டாலும் எழுத வேண்டும். நாள், நேரம், கார் எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, ரேடியோ பாடியதா, ஓட்டியது யார் என எல்லாம் வேண்டும்” என்றேன்.

இம்முறையை நான் மதரஸாவில் கற்றேன். ஒரு சட்டத்தின் காரணத்தைக் கண்டறிய உஸூலுல் ஃபிக்ஹு அறிஞர்கள் இரு வழிகளை வகுத்துள்ளனர். இருக்கக்கூடிய காரணங்களையெல்லாம் வகைப்படுத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றைக் கழிப்பது ‘ஸப்ரு வ தக்ஸீம்’. காரணம் இருக்கும்போது விளைவும் இருக்கிறதா, அது நீங்கும்போது விளைவும் நீங்குகிறதா என்று பார்ப்பது ‘தவரான்’. திராட்சைச் சாறு ஆகுமானது. அதுவே போதையேறி மதுவானால் விலக்கப்பட்டது. புளித்துக் காடியாகிவிட்டால் மீண்டும் ஆகுமானது. சாற்றின் மூலம் மாறவில்லை. போதை வந்ததும் தடை வந்தது, போதை போனதும் தடை போனது. எனவே தடைக்குக் காரணம் போதையே என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு.

ஐந்து வாரத்தில் நோட்டுப் புத்தகத்தில் 44 பதிவுகள் சேர்ந்தன. அவற்றுள் கார் கிளம்பாதவை 7. அந்த ஏழில் இரண்டு, விடுமுறைக்கு வந்திருந்த இளைய மருமகன் ஓட்டியபோது நேர்ந்தவை. அவ்விளைஞர் அன்று காரின் பக்கமே வரவில்லை. மூன்று முறை ரேடியோ பாடவே இல்லை. ரேடியோ பாடிய பல வேளைகளில் கார் ஒழுங்காகக் கிளம்பியிருந்தது. ஆள் நீங்கியும் குறை நீங்கவில்லை. ரேடியோ நின்றும் குறை நிற்கவில்லை. ஆகவே அவ்விரண்டும் காரணமாக இருக்க இயலாது.

எஞ்சியது என்ன? விடியற்காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது ஒருமுறைகூடக் கார் மறுக்கவில்லை. மருத்துவமனையில் ஐந்து மணி நேரம் நின்றபின்னும் மறுக்கவில்லை. ஏழு முறையும், நெடுந்தூரம் ஓடி, மருந்துக் கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ பத்து நிமிடம் முதல் நாற்பது நிமிடம் வரை நின்றபோதே மறுத்திருந்தது. குறைக்குத் துணை வெப்பம் என்பது தெரிந்தது. கார் நின்றவுடன் காற்றோட்டமும் குளிர்நீரின் ஓட்டமும் நின்றுவிடுவதால், பானெட்டுக்குள் வெப்பம் சிறிது நேரம் ஏறவே செய்யும்.

நோட்டுப் புத்தகத்துடன் ஊரிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். படித்துப் பார்த்தவர், “ஹஜ்ரத், நல்லா இருக்கிற நேரத்தில் காரைக் காட்டி என்ன பயன்? நோய் வந்த நேரத்தில் காட்டுங்கள்” என்றார். அவரே காரை நெடுந்தூரம் ஓட்டிவந்து, நிறுத்தி, இருபது நிமிடம் காத்திருந்தார். சாவியைத் திருப்பினார். ‘டக்.’ அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியது.

அதன்பின் அவர் வகைப்படுத்திய முறை, உஸூல் பாடம் கேட்டவர் போலவே இருந்தது. இயந்திரம் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் குறை பெட்ரோலிலோ தீப்பொறியிலோ இருக்கும். இங்கே சுழலவே இல்லை, ஆகவே அவ்வழி கழிந்தது. ‘டக்’ என்ற ஓசையும் இல்லாவிட்டால் சாவிப் பகுதியையோ ரிலேயையோ ஐயுறலாம். இங்கே ஓசை உண்டு, அதுவும் கழிந்தது. எஞ்சியவை பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், அவற்றை இணைக்கும் தடித்த கம்பிகள்.

சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, மீட்டரை வைத்தார். பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 12 வோல்ட் நின்றது, பேட்டரி குற்றமற்றது. பின்பு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும், மறு முனையை இயந்திரத்தின் இரும்பு உடலிலும் வைத்தார். கால் வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் நான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. தடித்த கேபிள் ஒன்றை எடுத்து அவ்விரண்டையும் நேரே இணைத்தார். கார் உடனே கிளம்பியது. சூடு ஆறுமுன் கேபிளை எடுத்துவிட்டுப் பார்த்தார், கிளம்பவில்லை. மீண்டும் இணைத்தார், கிளம்பியது. இதுவன்றோ தவரான்!

காரின் உடலையும் இயந்திரத்தையும் இணைக்கும் பின்னல் செம்புப் பட்டையே குற்றவாளி. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. உப்பளங்கள் சூழ்ந்த ஊரின் கடற்காற்று செய்த வேலை அது.

பட்டை பழுதென்றால் விளக்கு மட்டும் எரிந்தது எப்படி? முன்விளக்கு ஒன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 5 ஆம்பியர் மின்னோட்டம்; அதுவும் இயந்திரத்தின் பட்டை வழியே போவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவும் அப்பட்டை வழியே திரும்ப வேண்டும். ஓர் ஓமில் 20இல் ஒரு பங்கு தடை இருந்தாலும், 100 ஆம்பியர் ஓடும்போது அது 5 வோல்ட்டை விழுங்கிவிடும். குளிர்ந்த நேரத்தில் மிச்சமுள்ள வலிமையால் மோட்டார் எப்படியோ சமாளித்தது. சூடேறினால் செம்புச் சுருளின் தடையும் கூடுகிறது. சுருளின் இழுவிசை குறைகிறது. இரு குறைகளும் கூடிய வேளையில் மட்டுமே கார் தோற்றது. இரண்டில் ஒன்று விலகினால் கிளம்பியது. வந்து மறைந்ததன் விதி இதுவே.

சில நூறு ரூபாயில் புதுப் பட்டை போட்டு, இரும்பைத் தேய்த்துத் துலக்கி, கிரீஸ் தடவி முறுக்கினார்கள். எட்டு மாதங்களாகின்றன, ராத்தாவின் பயணம் ஒருநாளும் தடைபடவில்லை. ஓட்டுபவரும் அதே இளைஞர்தாம். மூத்த மருமகன் அவரிடம் தானே போனில் பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

எப்போதும் இருக்கும் குறை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வந்து மறையும் குறையோ, அருகில் நிற்பவரைக் காட்டிக்கொடுக்கும். குழந்தைக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலானாலும், முதியவருக்கு எப்போதோ வரும் தலைச்சுற்றலானாலும், கணக்கில் அவ்வப்போது குறையும் கடைப் பணமானாலும் நாம் முதலில் தேடுவது ஓர் ஆளையே. வந்த நாள்களை மட்டும் நினைவில் வைக்கிறோம்; வராத நாள்களை எவர் எழுதி வைக்கிறோம்? எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அவ்விளைஞரைக் காத்தவை, கார் கிளம்பாத ஏழு வரிகளோடு, அது கிளம்பிய முப்பத்தேழு வரிகளுமாகும்.