சுவரில் ஒரு சர்டிபிகேட்

மே 11

சர்டிபிகேட்காரர் இறந்துபோனதே எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சங்கரன்கோவில் பக்கம் வீடு. பொங்கலை ஒட்டி வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், ஒரு டீ குடிப்பார், போய்விடுவார். அண்ணாச்சியின் மருந்துக் கடையில் பத்து வருஷத்துக்கு மேலாக மருந்தை எடுத்துக் கொடுத்தவள் நான். பார்மசிஸ்டாகச் சுவரில் ஃபிரேமுக்குள் இருந்தவர் அவர்.

நேற்று டிரக் இன்ஸ்பெக்டர் வந்து பார்மசிஸ்ட் எங்கே என்று கேட்டார். "சாப்பிடப் போயிருக்காரு சார்" என்றார் அண்ணாச்சி. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "எந்த லோகத்துக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் விஷயம் உறைத்தது.

விற்பனையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று கடை திறக்கவில்லை. கடைக்கு முதலாளி யாராகவும் இருக்கலாம், ஆனால் டாக்டர் சீட்டுக்கு உரிய மருந்தைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்பது 1945-ஆம் வருஷத்து விதி. தெரியாத விஷயமா? ஊருக்கே தெரியும்.

மே 12

கடை ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு முறை கரண்ட் போனது. பூட்டின கடைக்குள் யார் போய்ப் பார்ப்பார்கள்?

மே 19

கடை பூட்டியிருப்பதால் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். இன்று மேலத்தெரு ஆச்சி. கையில் வெற்று அட்டை, அதிலும் பாதி. "இதே மஞ்ச மாத்திர வேணும் தாயி, ஒங்கிட்ட இருக்குமே" என்கிறாள்.

அட்டையை யாரோ வெட்டிய விதத்தில் பெயர் போய்விட்டது. வெள்ளிப் பக்கத்தில் பெயரின் கடைசி நாலு எழுத்து மட்டும் மிச்சம். தேதி இல்லை, பேட்ச் நம்பர் இல்லை. நான் வெட்டினால் இப்படி வெட்ட மாட்டேன். காலாவதித் தேதி அச்சான முனையைக் கடைசி வரைக்கும் விட்டுவைத்து எதிர்முனையிலிருந்துதான் கத்தரிப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. கவுண்டரில் நின்றால் வந்துவிடும்.

அந்த நாலு எழுத்தை வைத்து அது பிரஷர் மாத்திரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பெயரைச் சொல்லவில்லை. மஞ்சள் என்பது ஒரு கம்பெனியின் நிறம். இன்னொரு கம்பெனி அதே மருந்தை வெள்ளையில் போடும், வேறு மருந்தை இதே மஞ்சளில் போடும். வீடு தேடி பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொடுக்க வருகிற பெண்ணிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். ஆச்சிக்குக் கோபம். "கட மூடினதும் நீயும் மூடிட்டியா?"

மே 27

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அத்தை தரையைத் துடைத்த கையோடு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் வாழைப்பழச் சீப்பை என் மகளிடம் கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"நீ ப்ளஸ் டூ சயின்ஸ் குரூப்தானம்மா? டி.பார்ம். சேந்துரு. ரெண்டே வருஷம். ஃபீஸ் எம்பொறுப்பு."

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நானே பல ராத்திரி நினைத்துப் பார்த்து, காசில்லை என்று விட்டுவிட்ட விஷயம். நாலு வருஷ பி.பார்ம். என்றால் வீடு தாங்காது. ரெண்டு வருஷ டிப்ளமோ என்றால், தாங்கலாம்.

பிறகு மிச்சத்தையும் சொன்னார். படித்து முடித்து பார்மசி கவுன்சிலில் பதிந்ததும் என் சர்டிபிகேட் அவர் கடைச் சுவரில். "நீ வந்து நிக்கணும்னுகூட இல்லம்மா. ஒரு பயலப் போட்டு ஓட்டிக்கிடுதேன். மாசம் அஞ்சு உன் கைக்கு வந்துரும். புள்ளயப் பாத்துக்கிட்டு நிம்மதியா வீட்ல இரு."

நின்று விற்றதற்கு எனக்கு மாதம் ஒன்பதாயிரம். நிற்காமல் இருந்தால் ஐந்தாயிரம். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது என்றே தெரியவில்லை. அவர் மனதில் கள்ளம் இல்லை, அதுதான் தொந்தரவு. உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். அதோடு, உதவிதானே?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு பார்த்தால் அத்தை கையில் ஒரு கவர், இருபதாயிரம். "பெரியவுக குடுக்கும்போது வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" என்கிறாள். பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

மே 28

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டே, "படிக்கணும்னா படி. அவரு காசுல படிக்கணுமான்னு மட்டும் பாரு" என்றார். பிறகு வேறு பேச்சு.

ஜூன் 6

"நீட் எழுதணுமா?" நாலு பேராவது கேட்டுவிட்டார்கள். வேண்டாம். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கூடவே உயிரியலோ கணிதமோ படித்துத் தேறியிருந்தால் போதும். ஆனால் தபால் வழி கிடையாது. தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும். வேறு கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று போட்டிருந்த கணக்கு அத்தோடு முடிந்தது.

ஜூன் 14

அரசு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை லென்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "எந்தக் கடைப் பொண்ணு நீ?" என்றார். சொன்னேன். "ஓ, செத்தவன் கட" என்றார்.

அவருடைய அப்பா கம்பவுண்டர். மிக்ஸ்சர் பாட்டிலின் பக்கவாட்டில், ஒரு வேளைக்கு ஒரு வெட்டு என்று காகிதத்தைக் கத்தரித்து ஒட்டுவாராம். நோயாளிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் வெட்டை எண்ணிக் குடித்துவிடலாம். 1948-இல் பார்மசி சட்டம் வந்தபோது, படிப்பு இல்லாமலே ஐந்து வருஷம் ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ மருந்து கலந்து கொடுத்தவர்களையும் முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்களாம். "எங்கப்பா அப்படிப் பதிஞ்சவருதான்."

எனக்குச் சுருக்கென்றது. அப்போது பிறந்திருந்தால் நானும் பார்மசிஸ்ட். இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பெரியவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"சரி, ஒரு அறுவத்தஞ்சு வயசு ஆளு. மூட்டு வலி. டைக்ளோஃபினாக் குடுங்காரு. என்ன செய்வ?"

"சாப்பிட்டுட்டுப் போடச் சொல்வேன். கூட வயித்துக்கு பான்டோபிரசோல் சொல்வேன்."

"கிட்னி எப்படி இருக்குன்னு கேப்பியா? பிரஷருக்கு என்ன மாத்திர போடுதாருன்னு கேப்பியா?"

அவர் வீட்டம்மா காபி கொண்டுவந்தார். நான் காபியைக் குடித்தேன். நல்ல காபி. பெரியவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் பழைய புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எல்லாம் ஆங்கிலம். ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன். உள்ளே பூச்சி அரித்திருக்கிறது.

ஜூன் 15

தூக்கம் வரவில்லை. வலி மாத்திரை வாங்கிப் போன முகங்களாக வந்துகொண்டிருக்கின்றன.

ஜூன் 23

தென்காசியிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டிய கல்லூரி. ஆபீஸில் இருந்த பையன் என் மார்க் ஷீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "அறுநூறுக்கு எப்படி மேடம் 871?" எங்கள் காலத்தில் 1200-க்கு என்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டில் எனக்குத்தான் சிரிப்பு.

மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல். ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். இரண்டும் ஒருத்திதான் என்று சான்று வேண்டுமாம். படித்து முடித்தாலும் எக்ஸிட் தேர்வு ஒன்று இருக்கிறது, 2022-இல் வந்த விதி, அதிலும் தேறினால்தான் பதிவு என்றும் சொன்னான். நான் சேரவே இல்லை, அதற்குள் வெளியே போகிற வாசலையும் காட்டிவிட்டான்.

ஜூலை 4

தாலுகா ஆபீஸ். சர்வர் இல்லை.

ஜூலை 6

சர்வர் இருந்தது, ஆள் இல்லை.

ஜூலை 20

கடை திறந்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். சுவரில் புது ஃபிரேம், ஒரு பெண்ணின் படம், சின்ன வயது. போன வருஷம்தான் படித்து முடித்தாளாம், சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலையாம். கவுண்டரில் ஒரு பையன். ஆச்சி அவனிடம் எதையோ நீட்டிக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு இந்த ஊர் பேராவது தெரியுமா?

ஆகஸ்ட் 9

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எல்லார் மேலும் எரிச்சல். மகள் என் வேதியியல் புத்தகத்தில் பென்சிலால் மீசை வரைந்திருக்கிறாள், யாரோ ஒரு விஞ்ஞானிக்கு. அவருக்கு ஏற்கெனவே மீசை உண்டு.

செப்டம்பர் 1

வளையல் இரண்டும் அடகுக் கடையில். கல்லூரி ஃபீஸில் முதல் தவணை கட்டியாகிவிட்டது. ரசீதை அத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

கவரை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். பதினெட்டாயிரம் இருக்கிறது. மிச்சம் எங்கே என்று அத்தையிடம் கேட்கவில்லை. அவளுக்கு மருந்துச் செலவு உண்டு. எனக்குச் சம்பளம் நின்று நாலாவது மாதம்.

கவரை மறுபடி அங்கேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 25

வகுப்பு ஆரம்பம். இன்று உலக மருந்தாளுநர் தினம் என்று மேடையில் கேக் வெட்டினார்கள். என் மருமகள் வயசுப் பிள்ளைகள். பாதிப் பேர் அக்கா, ஒருத்தன் ஆன்ட்டி. வெள்ளை கோட் தோளில் பிடிக்கிறது.

அக்டோபர் 5

மருந்து மூலிகைப் பாடம். புத்தகத்தில் திடீரென்று எங்கள் ஊர்ப் பக்கம். நிலாவரை இலைக்கு உலக வியாபாரத்தில் 'டின்னவேலி சென்னா' என்று பேர். திருநெல்வேலியைத்தான் வெள்ளைக்காரன் அப்படிச் சொல்லியிருக்கிறான். மலச்சிக்கலுக்கு நான் அட்டை அட்டையாக விற்ற சென்னோசைடு மாத்திரைக்கு மூலம் அந்த இலைதான். தாத்தா காலத்தில் தேரி ஓரமாக அதைப் பயிரிட்டவர்கள் இருந்தார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மேடம் காய்ந்த இலையை எல்லாருக்கும் கொடுத்து, அடிப்பாகத்தைப் பார்க்கச் சொன்னார். நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் இலை சமமாக இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. அதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டுமாம். நான் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். மருந்தை இவ்வளவு கிட்டே இதற்கு முன் பார்த்ததில்லை. டப்பாவைத்தான் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 12

குழந்தைகளுக்கு மருந்து அளவு. வயதை, வயதோடு பன்னிரண்டைக் கூட்டி வகுத்து, பெரியவர் அளவால் பெருக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்குக் கால் பங்கு வருகிறது. இது பழைய கணக்கு, இப்போதெல்லாம் எடையை வைத்துத்தான் என்றார் சார். கடையில் நாங்கள் 'பாதி' என்போம். பாதி என்றால் எதில் பாதி என்று யாரும் கேட்டதில்லை.

பக்கத்து சீட் பையன் என்னிடம் ஒரு டாக்டர் கையெழுத்துச் சீட்டை நீட்டி, படித்துக் காட்டச் சொன்னான். ஒரே மூச்சில் படித்தேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அக்டோபர் 19

அண்ணாச்சி போன் பண்ணினார். சென்னைப் பெண்ணுக்குக் கல்யாணமாம், மாப்பிள்ளை துபாய், சர்டிபிகேட்டை எடுத்துக்கொள்ளப் போகிறாளாம். "ரெண்டு வருஷம் எப்படியாவது ஒப்பேத்திடுதேன். நீ வந்துரு. கவரு இருக்கு, மறந்துராத" என்றார். கவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது.

அக்டோபர் 20

ஆய்வகம் முடிந்ததும் சாரிடம் தனியாகக் கேட்டேன். ஒருத்தர் சர்டிபிகேட்டை மட்டும் ஒரு கடைக்குக் கொடுத்துவிட்டு, ஆள் அங்கே இல்லை என்றால், ஏதாவது ஆகிவிட்டால் அது யார் தலையில் விழும்? அந்தப் பையன் தலையிலா, சர்டிபிகேட்காரர் தலையிலா, முதலாளி தலையிலா?

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சட்டமும் நெறிமுறையும் செகண்ட் இயர்ல வருதும்மா. அப்போ டீட்டெயிலா பாப்போம்" என்றார்.

நாளைக்கு ஐந்து மில்லி பிப்பெட் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தென்காசியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும்.