அடுத்த வரியில் அழித்த கோப்பு

2021 ஏப்ரல் 15 அன்று கோட்கவ் என்ற அமெரிக்க நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எழுதிய நிரலில் எவ்வளவு பகுதியைச் சோதனைகள் தொட்டிருக்கின்றன என்று கணக்கிட்டுச் சொல்லும் சேவை அவர்களுடையது. அதற்கான சிறு ஸ்கிரிப்ட் ஒன்று உலகெங்கும் எத்தனையோ பில்டு பைப்லைன்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரி 31 முதல் யாரோ அந்த ஸ்கிரிப்டை அவ்வப்போது திருத்தி, அது ஓடிய இடங்களில் இருந்த ரகசியங்களை வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பவைத்திருந்தார்கள். திருத்துவதற்கான சாவி அவர்களுக்கு எங்கே கிடைத்தது? கோட்கவ் பொதுவில் வைத்திருந்த ஒரு டாக்கர் இமேஜின் நடு லேயர் ஒன்றில். (இமேஜ் என்பது ஒரு நிரலும் அது ஓடத் தேவையானவையும் லேயர் லேயராக அடுக்கிய பொதி.)

அந்தக் கடைசி விவரத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பில்டு பைப்லைன்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். இன்னொருவர் ஸ்கிரிப்டை நாங்கள் நம்பி ஓட்டுகிறோமா என்ற கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம். எங்கள் இமேஜ்களின் நடு லேயர்களில் என்ன கிடக்கிறது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. யாரும் திறந்து பார்த்ததில்லை.

கோவிட் இரண்டாம் அலை நேரம் அது. ஓஎம்ஆர் அலுவலகம் பூட்டியிருந்தது, குழுவில் பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். எங்கள் குழுவில் அடிப்படை இமேஜை எழுதிய தம்பி காரைக்குடியில் அவர் வீட்டு மாடியிலிருந்து அழைப்பில் வந்தார். அவருடைய டாக்கர்ஃபைலை, அதாவது இமேஜை லேயர் லேயராகக் கட்டும் வரிகளை, இருவரும் திரையில் வைத்துப் பார்த்தோம். தனியார் பேக்கேஜ்களை இறக்குவதற்கு ஒரு டோக்கன் வேண்டும். அது 'டாட் என்பிஎம்ஆர்சி' என்ற கோப்பில் இருக்கும். ஒரு வரியில் அந்தக் கோப்பு உள்ளே காப்பி ஆகிறது. அடுத்த வரியில் பேக்கேஜ்கள் நிறுவப்படுகின்றன. அதற்கடுத்த வரியில் கோப்பு அழிக்கப்படுகிறது.

"அக்கா, அதான் அடுத்த வரியிலேயே அழிச்சிட்டேனே. கன்டெய்னருக்குள்ள போயும் பாத்தேன், அந்த ஃபைல் இல்லவே இல்ல."

"உள்ள போய்ப் பாத்தா தெரியாதுப்பா. இமேஜைப் பிரிச்சுப் பாப்போம் வா."

இமேஜை டார் கோப்பாகச் சேமித்து, அதைப் பிரித்தோம். உள்ளே லேயருக்கு ஒன்றாக ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் இன்னொரு டார் கோப்பு. எந்த லேயர் எதன்மேல் வரும் என்று மேனிஃபெஸ்ட் சொன்னது. காப்பி செய்த வரிக்கான லேயரைத் திறந்தோம். 'டாட் என்பிஎம்ஆர்சி' அங்கேயே இருந்தது, டோக்கன் முழுசாக. பிறகு அழித்த வரிக்கான லேயர். அதில் ஒரே ஒரு கோப்பு, அளவு 0 பைட். பழைய கோப்பின் பெயருக்கு முன்னால் 'டாட் டபிள்யூ ஹெச் டாட்' என்று ஒட்டியிருந்தது. இதற்கு ஒயிட்அவுட் என்று பெயர். கீழ் லேயரில் இந்தப் பெயரில் ஒன்று இருந்தால் அதைக் காட்டாதே என்பது மட்டுமே அது சொல்லும் செய்தி. இமேஜில் அழிப்பது என்றால் இவ்வளவுதான். எழுதிய லேயர் மாறாது. மேலே இன்னொன்று வரும். கரிக்கோடு கிழித்த சுவரில் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். அடுத்த நிமிடமே அது அவர்மேல் நிற்கவில்லை, ஏனென்றால் நான் கேட்க நினைத்த கேள்விக்கு என்னிடமே பதில் இருந்தது. வேறு எப்படிச் செய்திருக்க முடியும்? எங்கள் பைப்லைன் டெம்ப்ளேட் பில்டுக்கு ரகசியம் கொடுக்க ஒரு வழியும் வைத்திருக்கவில்லை. வேலை முடிய வேண்டும், பேக்கேஜ் இறங்க வேண்டும், டோக்கன் வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர் போயிருந்தார்; போனதோடு நிற்காமல், நல்ல எண்ணத்தோடு அழிக்கும் வரியையும் சேர்த்திருந்தார். பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் உட்காரவைத்திருந்தாலும் திங்கட்கிழமை காலை அவர் கையில் இருந்திருக்கப்போவது அதே டெம்ப்ளேட்தான். இதை நான் அழுத்திச் சொல்வேன்: ரகசியம் இமேஜுக்குள் போனால் முதலில் விசாரிக்க வேண்டியது பில்டு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை.

விஷயம் அதோடு முடியவில்லை. அது அடிப்படை இமேஜ். அதன்மேல்தான் எங்கள் மற்ற சேவைகளின் இமேஜ்கள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு லேயரும் தன் உள்ளடக்கத்தின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பையே அடையாளமாகக் கொண்டது என்பதால், இமேஜ்களை வைக்கும் ரெஜிஸ்ட்ரி அதை ஒருமுறைதான் சேமிக்கும். அத்தனை இமேஜ்களும் அதையே சுட்டும். இமேஜின் டேகை நீக்கினால் லேயர் போகாது. ரெஜிஸ்ட்ரியில் தனியாகக் குப்பை அள்ளும் வேலையை ஓட்ட வேண்டும், அப்போதும் வேறு எந்த இமேஜும் அதைச் சுட்டாமல் இருக்க வேண்டும். இதற்கிடையில் எத்தனை லேப்டாப்களில், எத்தனை சர்வர்களில் அது இறங்கியிருக்கும்? கணக்கெடுக்க வழியில்லை. அதனால் இமேஜைத் தேடி அழிப்பதை இரண்டாவதாக வைத்தோம். முதல் வேலை டோக்கனை ரத்து செய்து புதிது வாங்குவது. செல்லாத சாவி எந்த லேயரில் கிடந்தால் என்ன?

திருத்த உட்கார்ந்தபோது குழுவில் ஆளுக்கொரு யோசனை வந்தது. டோக்கனை பில்டு ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். கேட்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் இமேஜின் ஹிஸ்டரியைச் சுருக்காமல் கேட்டால் நிறுவிய வரியின் முன்னால் டோக்கன் அப்படியே அச்சாகி வரும், எந்த டாரையும் பிரிக்கத் தேவையே இல்லை. மல்டி-ஸ்டேஜ் பில்டு என்பது இன்னொருவர் யோசனை. 2017-இல் டாக்கர் 17.05-உடன் வந்த வசதி அது. முதல் கட்டத்தில் எல்லாவற்றையும் நிறுவி, இறுதி இமேஜுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துப் போகலாம். நல்ல வழிதான், இமேஜும் மெலியும். ஆனால் முதல் கட்டத்தின் லேயர்கள் பில்டு மெஷினின் கேஷில் தங்கும். பில்டு வேகமாக வேண்டும் என்று அந்தக் கேஷையும் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பும் குழுக்கள் உண்டு. அங்கே டோக்கனும் கூடவே போய்விடும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது டாக்கரின் புதிய பில்டரான பில்ட்கிட்டின் சீக்ரெட் மவுன்ட். பில்ட்கிட் 2018-இல் டாக்கர் 18.09-உடன் சேர்ந்தது; 2023-இல் வந்த 23.0-இல்தான் லினக்ஸில் தானாகவே இயங்கும் பில்டர் ஆனது. எனவே அப்போது அதைத் தனியாக இயக்கிவிட வேண்டியிருந்தது. நிறுவும் அந்த ஒரு வரி ஓடும்வரை மட்டும் டோக்கன் ஒரு கோப்பாகக் கண்ணுக்குத் தெரியும். வரி முடிந்ததும் போய்விடும். லேயரில் எழுதப்படுவதில்லை, ஹிஸ்டரியிலும் வருவதில்லை. தம்பியே அதை டெம்ப்ளேட்டில் சேர்த்தார். சேர்த்த கையோடு புதிய இமேஜை டாராக்கிப் பிரித்து, லேயர் லேயராக டோக்கனின் முதல் சில எழுத்துகளைத் தேடினார். எதுவும் சிக்கவில்லை. அந்தத் தேடலையே பைப்லைனில் ஒரு படியாக, ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்புவதற்கு முன்னால் வைத்தோம். அனுப்பிய பிறகு தேடிக் கண்டுபிடித்தால் மறுபடி டோக்கன் மாற்றும் வேலைதான் மிஞ்சும்.

    

கோட்கவ் விஷயத்தில் நான் இன்றும் மதிப்போடு நினைப்பது, அதை வெளியே கொண்டுவந்த வாடிக்கையாளரை. இறக்கிய ஸ்கிரிப்டின் செக்சம்மை, கிட்ஹப்பில் போட்டிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று ஏப்ரல் 1 அன்று தெரிவித்திருக்கிறார். கையில் வந்தது சொன்னதுதானா என்று ஒருவர் சரிபார்த்திருக்கிறார், அவ்வளவே. இரண்டு மாதமாக எத்தனையோ பைப்லைன்கள் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தன. அந்த ஸ்கிரிப்டை ஓட்டிய ஹாஷிகார்ப் என்ற மென்பொருள் நிறுவனம், தன் வெளியீடுகளில் கையொப்பமிடும் ஜிபிஜி சாவியே வெளிப்பட்டதாக அறிவித்து, அதை மாற்ற வேண்டி வந்தது.

இப்போது புதிதாக ஒரு குழுவின் இமேஜ் என்னிடம் வந்தால் ஸ்கேனர் அறிக்கைக்கு முன்னால் ஒயிட்அவுட் கோப்புகளின் பட்டியலைத்தான் எடுக்கிறேன். யாரோ எதையோ நீக்க நினைத்த இடங்கள் அவை. பெரும்பாலும் பேக்கேஜ் கேஷாக இருக்கும். அதை நிறுவிய அதே வரியில் அழித்தால்தான் இடம் மிச்சமாகும் என்று எழுதி அனுப்புவேன். டோக்கன் கோப்பாக இருந்தால் உடனே ரத்து செய்யச் சொல்லிவிட்டு, அந்தக் குழுவின் பில்டு டெம்ப்ளேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கிறேன்.