முயல் தசையும் ஒரு கிலோமீட்டர் வளையமும்

சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்துக்குள் நான் நுழைந்தபோது இரவு பத்து மணி. கதிர் நேரம் ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே இரவு பகல் பார்ப்பதில்லை. 1,104 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும்போது எக்ஸ்ரே பிறக்கிறது. எல்லோரும் அந்த வளையத்தைக் காட்டவே ஆசைப்பட்டார்கள். எனக்கோ, அந்த எக்ஸ்ரேயால் தசையை ஆராயும் பயோகேட் நிலையத்தின் ஓரத்து மேசையில் குனிந்திருந்த உதவியாளரான பெண்ணை விட்டு நகர மனமில்லை.

நுண்ணோக்கிக்குக் கீழே, குளிரூட்டிய தட்டில் முயலின் இடுப்புத் தசை. கிளிசரின் கரைசலில் உறைகுளிரில் இருந்து வந்தது. இழைகளின் மேல்சவ்வை முன்பே கரைத்து நீக்கியிருந்தார்கள்; இனி வெளியே ஊற்றும் கரைசல் நேரே உள்ளே போகும். ஊசிமுனை இடுக்கிகள் இரண்டைக் கொண்டு, தலைமுடிப் பருமனே உள்ள ஓர் இழையை அவர் நீளவாக்கில் பிரித்தார். வாழைமட்டையில் நார் கிழிக்கும் பூக்காரம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. "இழுத்தால் போச்சு. உள்ளே ஒழுங்கு குலைந்தது நம் கண்ணுக்குத் தெரியாது, கதிருக்குத் தெரிந்துவிடும்" என்றார். இரு முனைகளிலும் அலுமினியத் தகட்டுக் கவ்விகளை மாட்டி, ஒன்றை விசை உணரியிலும் மற்றதை மோட்டாரிலும் கோத்தார். அதற்கு மட்டும் அரை மணி நேரம் பிடித்தது.

அறையைச் சோதித்துக் கதவைப் பூட்டினார்கள். எச்சரிக்கை மணி ஒலித்தது. கதிர் பாய்ந்தது ஒரு விநாடிகூட இல்லை.

திரையில், நடுவே கதிரை மறைத்த இடத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு புள்ளிகள். தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் அறுகோணமாக அடுக்கப்பட்டிருப்பதன் தடயம் அது. கால்சியம் கரைசல் சேர்ந்ததும் தசை சுருங்கியது. உள்புள்ளி மங்கியது, வெளிப்புள்ளி பிரகாசமானது. மயோசினின் தலைகள் தம் தண்டை விட்டு ஆக்டின் பக்கம் நகர்ந்துவிட்டன என்று பொருள். நம் ஒவ்வோர் அசைவுக்கும் அடியில் நடப்பதை அந்த இரண்டு புள்ளிகளில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ஹியூ ஹக்ஸ்லி இதே புள்ளிகளைப் பிடிக்க மணிக்கணக்கில் படச்சுருளுக்குக் கதிர் காட்ட வேண்டியிருந்தது. தசை சுருங்கும்போது இழைகள் குறுகுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன என்ற கருத்தை அவரும் ஜீன் ஹேன்சனும் 1954இல் வெளியிட்டார்கள். பிறகு ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்தில், வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் உமிழும் சின்க்ரோட்ரான் ஒளியைப் பூச்சியின் பறக்கும் தசைமேல் பாய்ச்சிய ரோசன்பாம், ஹோம்ஸ், விட்ஸ் மூவரும் 1971இல் புது வாசலைத் திறந்தார்கள். அன்றிலிருந்து காத்திருப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இழை பிரிக்கும் நேரம் மட்டும் குறையவில்லை.

இது வெறும் ஆர்வத்துக்கான வேலையும் அல்ல. தடித்த இதயத் தசை நோய்க்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவாகேம்டென் என்ற மருந்து, மயோசின் தலைகளைத் தண்டோடு மடங்கி ஓய்ந்திருக்கச் செய்கிறது என்பதற்கு இத்தகைய எக்ஸ்ரே படங்களும் சான்று தந்தன.

விடியும்வரை அந்தப் பெண் பதினொரு இழைகளைப் பிரித்தார். ஏழு தேறின. இப்படியான உதவியாளர்களின் பெயர் பல ஆய்வுக் கட்டுரைகளில் கடைசி நன்றி வரியோடு நின்றுவிடுகிறது. அதை ஆசிரியர் பட்டியலில் சேருங்கள். அந்தப் புள்ளிகளில் பாதி அவர்கள் விரல்களுடையவை.