எங்கள் பழைய வேனும் கத்திரி வெயிலும்

திருக்குர்ஆனில் ‘அந்நஹ்ல்’ என்னும் பதினாறாம் அத்தியாயத்தின் 80, 81 ஆகிய வசனங்கள் அடுத்தடுத்து அமைந்தவை. பயண நாளில் எடுத்துச் செல்ல இலேசாக இருக்கும் தோல் கூடாரங்களை முதல் வசனம் இறைவனின் அருட்கொடையாக எடுத்துரைக்கின்றது. நிழலையும், வெப்பத்தினின்று காக்கும் ஆடையையும் அடுத்த வசனம் நினைவூட்டுகின்றது. மதரஸாவில் பிள்ளைகளுக்கு இவ்வசனங்களைப் பல ஆண்டுகளாக விளக்கி வருபவன் நான். ஆயினும், கூடாரத்தையும் நிழலையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதை எங்கள் பழைய வேன்தான் எனக்கு உணர்த்தியது.

இருபது ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டி அது. குளிர்சாதன வசதி இல்லை. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்திருக்கின்றோம். ஒரு மூலையில் அடுப்பும் சோற்றுப் பானையும், இன்னொரு மூலையில் தண்ணீர்க் குடமும் ஒளுச் செய்யும் கெண்டியும் இருக்கும். வழியில் சமைத்து, உண்டு, உறங்கிச் செல்லும் நகரும் வீடு என்றே கூறலாம்.

2023ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில், வேலூரில் தங்கை மகளின் நிகாஹுக்காக அதிராம்பட்டினத்திலிருந்து புறப்பட்டோம். அன்று மாலையே நிகாஹ். காலை 6 மணிக்குத்தான் வண்டி கிளம்பியது. பெண்கள் இருக்கின்றார்களே என்று சன்னல்கள் அனைத்திற்கும் தடித்த கறுப்புத் துணியை நானே அடித்திருந்தேன். “நாங்கள்தான் பர்தா அணிந்திருக்கிறோமே, வண்டிக்கும் எதற்குப் பர்தா?” என்று மனைவி கேட்டபோது, மார்க்கம் கற்றவனிடமே வாதமா என்னும் எண்ணத்தில் மறுமொழி கூறாமல் இருந்துவிட்டேன்.

விழுப்புரத்தை அடையும்போது நண்பகல் நெருங்கியிருந்தது. “கொஞ்சம் நிழலில் நிறுத்துவோமா வாப்பா?” என்றார்கள் எழுபது வயதைக் கடந்த உம்மா. நேரமாகிவிடும் என்று நான் மறுத்தேன். திருவண்ணாமலையைத் தாண்டிப் போளூர்ச் சாலையில் சென்றபோது உம்மாவின் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, மவுத்தாகிப்போன என் வாப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். உடல் நெருப்பாகக் கொதித்தது. சற்று நேரத்தில் நினைவும் தப்பியது.

மைத்துனர் வண்டியை ஒரு புளியமர நிழலுக்குக் கொண்டு சென்றார். மனைவி கறுப்புத் துணிகளைப் பிய்த்தெறிந்தாள். குடத்து நீரை உம்மாவின் உடல் முழுவதும் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, எல்லோரும் விசிறினோம். நினைவில்லாதவரின் வாயில் நீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று என்னைத் தடுத்தவளும் அவளே. நனைந்த உடலோடே மருத்துவமனைக்கு விரைந்தோம். அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “அந்த வண்டியில் சன்னலே இல்லையா?” என்பதுதான். நான் தலைகுனிந்து நின்றேன். உம்மா பிழைத்தது அல்லாஹ்வின் கருணை. நிகாஹுக்கு எங்களால் செல்ல இயலவில்லை.

ஊர் திரும்பியதும் வண்டியைக் குளிர்விக்கும் வேலையில் இறங்கினோம். முதலில் கூரை. அதற்கு வெள்ளை வண்ணம் பூசினோம். மேலேயுள்ள சாமான் தாங்கியில் வெளிர்நிறத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். தார்ப்பாய்க்கும் கூரைக்கும் இடையே நான்கு விரற்கடை காற்றோட்டம் உண்டு. வெயிலைத் தார்ப்பாய் தாங்கிக்கொள்ள, கூரை நிழலில் இருக்கின்றது.

அடுத்தது எஞ்சின். எங்கள் வேனில் அது ஓட்டுநர் இருக்கையை ஒட்டி, வண்டிக்கு உள்ளேயே இருக்கின்றது. அதன் மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் தேய்ந்து, அனல் உள்ளே வந்துகொண்டிருந்ததைப் பழுது பார்ப்பவர் காட்டினார். புதிய ரப்பர் வைத்து, மூடியின் உட்புறம் வெப்பம் தடுக்கும் விரிப்பையும் ஒட்டிக் கொடுத்தார். ரேடியேட்டரின் முகப்பில் அடைந்திருந்த தூசியையும் பூச்சிகளையும் கழுவி, விசிறிப் பட்டையையும் மாற்றினார். எஞ்சின் கொதித்துவிட்டால் அது ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. பீறிடும் வெந்நீர் முகத்தை வேகவைத்துவிடும்.

பின்னர் சன்னல்கள். இப்பொறுப்பை மனைவியிடமே விட்டுவிட்டேன். கீழ்ப்பாதிக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தித் திரையிட்டு, மேற்பாதியைக் காற்றுக்குத் திறந்து வைத்தாள். பின்கதவுச் சன்னலையும் திறக்கச் செய்தாள். முன்னே நுழையும் காற்று பின்னே வெளியேற வழி இருந்தால்தானே உள்ளே காற்று ஓடும்! மறைவும் கெடவில்லை, மூச்சும் முட்டவில்லை.

வெட்டிவேர்த் தட்டியை நனைத்துச் சன்னலில் கட்டும் பழக்கமும் நல்லதே. ஆனால் ஈரம் உலரும்போதுதான் குளிர்ச்சி பிறக்கின்றது. எனவே திருச்சி, வேலூர் போன்ற உள்நாட்டு வறண்ட காற்றில் அது நன்கு பயன்தரும். எங்கள் கடற்கரையிலோ காற்றே ஈரமாக இருப்பதால் புழுக்கம்தான் மிஞ்சும்.

தாய்மார்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டுகின்றேன். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் 10 நிமிடங்களிலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். சன்னலைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும் பயன் இல்லை. ‘ஒரு நிமிடம்தானே’ என்று குழந்தையையோ முதியவரையோ உள்ளே விட்டுச் செல்லலாகாது.

இத்தனை செய்தும், வண்டியைக் குளிர வைப்பதில் பெரும்பங்கு புறப்படும் நேரத்திற்கே உரியது. வெயில் கடுமையாகும்போது ளுஹர்த் தொழுகையைச் சற்றே தணிந்த பொழுதுக்குப் பிற்படுத்துமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. இரவுப் பயணத்தைச் சிறப்பித்த நபிமொழி அபூதாவூதில் காணப்படுகின்றது. தொழுகைக்கே வெயிலில் சலுகை அளித்த மார்க்கத்தில், ஒரு விருந்துக்காக உம்மாவை நண்பகலில் வாட்டியவன் நான்!

இவ்வாண்டு மே மாதம் தங்கையின் இளைய மகளுக்கு நிகாஹ். இம்முறை முதல் நாளே புறப்பட்டோம். மைத்துனரை இஷாத் தொழுகை முடிந்ததும் உறங்கச் செய்து, பின்னிரவு 2 மணிக்கு வண்டியை எடுத்தோம். கும்பகோணத்தில் ஸுப்ஹு. வெயில் ஏறுமுன் திருவண்ணாமலையை அடைந்து, ஒரு பள்ளிவாசலின் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினோம். நீர்ச்சோறும் மோரும் உண்டு, அஸர் வரை அங்கேயே தங்கினோம். மைத்துனர் மீண்டும் உறங்கினார். நண்பகல் உறக்கமாகிய ‘கைலூலா’ நபிவழியும் ஆயிற்று, ஓட்டுநருக்குப் பாதுகாப்பும் ஆயிற்று.

வெயில் தாழ்ந்ததும் அதே போளூர்ச் சாலையில் சென்றோம். சாலை அகலப்படுத்தும் பணிகளில் எத்தனையோ வழிகளில் புளியமரங்கள் போய்விட்டன. அன்று எங்களுக்கு நிழல் தந்த மரம் நிற்கின்றதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அது நின்றது. உம்மா திரையை விலக்கிப் பார்த்தார்கள்.

“இன்னைக்குக் காத்து நல்லா வருது வாப்பா” என்றார்கள். அன்றைய தவற்றை உம்மா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பயணம் புறப்படும் சகோதரர்களே! வண்டியில் எண்ணெயும் நீரும் பார்ப்பதோடு, உள்ளே அமர்ந்திருப்பவர்களிடம் “காற்று வருகிறதா?” என்று ஒரு சொல் கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, நம்மை நம்பி வருவோரைப் பேணும் நற்குணத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.