யாருடி உனக்கு அண்ணன்?

அம்பத்தூரில் ஒரு வீடு. தீபாவளிக்கு மறுநாள் பூந்தமல்லியிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தி, மாமா மகனிடம் தட்டை நீட்டினாள்.

"அதிரசம் எடுத்துக்கோங்க அண்ணா."

பாட்டியின் முகம் மாறிவிட்டது. "யாருடி உனக்கு அண்ணன்? அவன் முறைப்பையன்!"

அவள் தெரிந்தேதான் சொன்னாள். இரண்டு வருடமாகவே வீட்டில் கல்யாணப் பேச்சு ஜாடைமாடையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த இந்திக்காரத் தோழிக்கு மாமா மகனும் 'பையா'தான், ராக்கி கட்டுவாள். அந்த வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு சொல்லுக்கா இவ்வளவு கோபம்?

ஆமாம். எந்தச் சொல்லும் தனியாக நின்று பொருள் தருவதில்லை, பக்கத்துச் சொற்களிலிருந்து வேறுபடுவதால்தான் அதற்கு மதிப்பு என்றார் சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூர். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1916-ல் அவரது வகுப்புப் பாடங்கள் புத்தகமாயின. அமைப்பியலின் தொடக்கம் அதுதான். தமிழில் தமிழவன் 1982-லேயே இதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதிவிட்டார்.

நம் உறவுமுறையை இந்தக் கண்ணோடு பார்த்தவர், தமிழ்நாட்டில் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன். 1953-ல் வந்த கட்டுரையில் அவர் சொன்னது சுவாரஸ்யமானது. மாமாவை 'அம்மாவின் சகோதரர்' என்று மட்டும் பார்க்காதீர்கள். அவர் அப்பாவின் மச்சான். அப்பா செய்துகொண்ட சம்பந்தம், சொத்துபோலப் பிள்ளைக்கும் வருகிறது. சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் அண்ணன் தம்பி. மாமா, அத்தை பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. 'அங்கிள்' என்று சொன்னால் இந்தக் கோடே அழிந்துவிடும்.

அதனால்தான் அந்த 'அண்ணா' சின்ன விஷயமில்லை. அவன் அண்ணன் என்றால் மாமா பெரியப்பா ஆக வேண்டும், அத்தை பெரியம்மா. ஒரு செங்கல்லை உருவினால் சுவரே ஆடுகிறது. சசூரைப் படிக்காத பாட்டிக்கு இது ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அமைப்பைப் பார்ப்பவர்கள் அதற்குள் இருக்கும் மனுஷியைப் பார்ப்பதில்லை என்று அமைப்பியல் மீது ஒரு பழைய புகார் உண்டு. நியாயமான புகார்தான். ஆனால் இந்தப் பெண் 'வேண்டாம்' என்று சொல்ல எடுத்துக்கொண்டது அதே அமைப்பின் ஒரு சொல்லைத்தானே?

கூடத்தில் யாரும் பேசவில்லை. மாமா மகன் ஒரு அதிரசத்தை எடுத்துக்கொண்டான்.

"தேங்க்ஸ் தங்கச்சி."

சாயங்காலம் வரை பாட்டி இரண்டு பேரிடமும் பேசவில்லை.