கடலோரச் சிலைக்கு ஒரு திருப்பணிக் கணக்கு

சங்கரன்கோவில் பட்டறை ஒன்றில் செய்த சிமெண்ட் சிலை, அதே ஊர் முச்சந்தியில் நின்றால் பல்லாண்டு நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை பெயிண்ட், பிறந்தநாளுக்கு மாலை. அவ்வளவுதான் அதற்குப் பராமரிப்பு. கரிசல் காட்டின் வறண்ட காற்று சிமெண்டுக்கு நல்லது. அதே அச்சில், அதே கலவையில், அதே கைகள் செய்த இன்னொரு சிலையை நூறு கிலோமீட்டர் கிழக்கே தூத்துக்குடிக் கடற்கரையில் கொண்டுபோய் வைத்தால் கதை வேறு. முதலில் மணிக்கட்டில் மயிரிழை விரிசல் விழும். விரிசலிலிருந்து பழுப்பாக ஒன்று கசியும். ஏதோ ஒரு மழைக்காலத்தில் விரல் உதிரும். ஊர் சிற்பியைத் திட்டும். சிற்பி மணலைத் திட்டுவார். ஆனால் அந்த விரல் உதிரப்போவது, வேலையை ஒப்படைத்த மேசையிலேயே முடிவாகிவிட்ட விஷயம்.

கடற்காற்றில் கலந்திருக்கும் உப்பு சிமெண்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் மேலே இருக்கும் பூச்சு வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456, கடல்நீர்த் தூவல் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் குறைந்தது 50 மில்லிமீட்டர் மூடாக்கு வேண்டும் என்கிறது. பாலத்துக்கும் கட்டடத்துக்கும் இது சரி. ஆள் அளவுச் சிலையின் நீட்டிய சுட்டுவிரலுக்கு? விரலின் மொத்தப் பருமனே அரை அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். அதன் நடுவில் கம்பி ஓடினால் மூடாக்குக்கு இடமே இல்லை. ஆக, கடற்கரையில் கை நீட்டிப் பேசும் தலைவரைச் சிமெண்டில் கேட்பது முதல் நாளே தவறான கோரிக்கை. கையை உடலோடு ஒட்டவைக்க வேண்டும். இல்லையென்றால் பொருளை மாற்ற வேண்டும். கடலோரத்தில் சிலையின் வடிவத்தைப் பாதி உப்பும் பாதி சிற்பியும் தீர்மானிக்கிறார்கள். இது தெரிந்தவர் கமிட்டியில் ஒருவராவது இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் கடலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு திட்டமிட்ட மாபெரும் வேலை எது என்றால், நெல்லைச் சீமைக்காரர்கள் தெற்கே கை காட்டுவார்கள். கன்னியாகுமரியில் வை. கணபதி ஸ்தபதி எழுப்பிய திருவள்ளுவர் சிலை. 1979-ல் அடிக்கல், 1990-ல் வேலை தொடக்கம், நடுவில் தேக்கம், 2000 ஜனவரி 1-ல் திறப்பு. மொத்த உயரம் 133 அடி. அதில் 38 அடி பீடம், அறத்துப்பாலின் அதிகாரங்களுக்காக. மேலே நிற்கும் 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும். ஏழாயிரம் டன் எடை. கல்லின் பெரும்பகுதி அம்பாசமுத்திரத்திலிருந்து போனது, மீதி சங்கராபுரத்திலிருந்து. மூன்று டன், எட்டு டன், சில இடங்களில் பதினைந்து டன் எடையுள்ள கற்களைக் கரையில் செதுக்கி, படகில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டுபோய், சவுக்குக் கம்புச் சாரத்தில் மேலேற்றிப் பூட்டினார்கள். உள்ளே கூடு, கூட்டைக் குறுக்கே பிடித்து நிறுத்துவதும் கல் உத்தரங்களே. வள்ளுவரின் வலக்கையில் மூன்று விரல்கள் உயர்ந்து நிற்கின்றனவே, சிமெண்டில் முடியாத அந்தக் காரியம் கருங்கல்லில் முடிந்தது. கல்லுக்குள் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் சிலை அசையவில்லை.

ஆனால் கருங்கல்லும் உப்பிலிருந்து தப்பியதல்ல. பாறைமேல் நிற்கும் சிலைக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ரசாயனப் பூச்சு என்று வைத்திருக்கிறார்கள். 2022-ல் தொடங்கிய பணிக்குச் சுமார் ஒரு கோடி ரூபாய் ஆனது. காகிதக்கூழை ஈரமாகக் கல்மேல் அப்பி உலரவிடுவார்கள். உலரும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பைக் கூழ் இழுத்துக்கொள்ளும். பிறகு உரித்தெடுத்துக் கழுவி, இணைப்புகளை அடைத்து, மேலே நீர்விலக்கும் சிலிகோன் பூச்சு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் தொல்லியல் துறை இதே காகிதக்கூழ் வைத்தியத்தைச் செய்கிறது. ஒரு கோடி என்றதும் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்க வேண்டியதில்லை. கடலுக்குள் ஏழாயிரம் டன் கல்லை நிறுத்திய பிறகு அந்தச் செலவு சிலையின் விலையில் ஒரு பகுதி.

கடலோரச் சிலை முதலில் கெடுவது முகத்திலோ மார்பிலோ அல்ல, இணைப்பில். சிலையும் பீடமும் சேரும் இடம், இரண்டு கல் கூடும் இடம், வெண்கலக் காலுக்குள் நட்ட இரும்புத் தண்டு வெளியே வரும் இடம். நியூயார்க் துறைமுகத்தில் 1886 முதல் நிற்கும் சுதந்திர தேவிக்கு நேர்ந்ததும் இதுதான். மேலே செப்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் நேராகத் தொட்டால் உப்பு ஈரத்தில் இரும்பு அரிக்கப்படும் என்று தெரிந்து, இடையில் ஒரு காப்பு வைத்துத்தான் கட்டினார்கள். காலப்போக்கில் காப்பு நைந்தது. இரும்பு வீங்கித் தகடு பிதுங்கியது. 1984 முதல் 1986 வரை நடந்த சீரமைப்பில் அந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு, பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு வைக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் துருப்பிடிக்காத எஃகு என்று மட்டும் எஸ்டிமேட்டில் எழுதினால் கடையில் 304 தரம் வரும். கடலோரத்துக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். எண்ணை எழுதாவிட்டால் கிடைக்காது.

இணைப்பைப் பற்றி நம் கோயில் மரபுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூலவருக்கும் பீடத்துக்கும் நடுவே சாத்தும் அஷ்டபந்தனம் எட்டுச் சரக்கு சேர்த்து இடித்த மருந்து: கொம்பரக்கு, குங்குலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று போகும். அது இறுகும், பல வருடம் பிடித்து நிற்கும், பிறகு தளரும். தளரும் என்பது தெரிந்ததால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து புது மருந்து சாத்திக் குடமுழுக்கு நடத்துவது மரபானது. சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல. கட்டும்போதே பழுதும் கணக்கில் உண்டு. சோழர் காலத்தில் நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கோடு நிறுத்தவில்லை. அது எரிவதற்கான நெய்க்குத் தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று ஆடுகளையும் எழுதிவைத்தார்கள் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆடு குறையக் கூடாது என்பதும் ஏற்பாட்டில் சேர்த்தி. இன்றைக்கு நகராட்சியோ மாநகராட்சியோ எழுப்பும் எத்தனை சிலைகளுக்கு இப்படியொரு கட்டளை இருக்கிறது?

பொருளைப் பற்றிப் பேசுவது எளிது. கடினமானது, யாருடைய உருவம், எந்த இடம், யாரைக் கேட்டு என்பது. இதற்கு மெரினாவைவிட நல்ல பாடசாலை கிடையாது.

சென்னைக் கலைக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவருடைய உழைப்பாளர் சிலை 1959-ல் மெரினாவில் நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். பெயர்ப் பலகையில்லாத உடல்கள். சிங்காரவேலர் 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய கடற்கரையில் அது நிற்பது மிகப் பொருத்தம். பொருளும் பொருத்தம்: திமிறும் தசையையும் முறுகிய விரலையும் கடற்காற்றில் தாங்க வெண்கலத்தால் முடியும். நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மெழுகு தேய்த்தால் வெண்கலம் தலைமுறைகளுக்கு நிற்கும். விழாவுக்கு முந்தின நாள் அதன்மேல் பெயிண்ட் அடிக்கும் நம் ஊர்ப் பழக்கம்தான் கேடு. பூச்சுக்கு அடியில் உப்பும் ஈரமும் சிறைப்பட்டு, உள்ளே பச்சைப் பொடியாக அரிக்கும். வெளியே பளபளப்பு.

ஒன்பது வருடம் கழித்து, 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அதே கடற்கரையின் சாலையில் பத்துச் சிலைகள் வந்தன. அந்தப் பத்தில் பாதி நெல்லைச் சீமையோடு தொடர்புள்ளவர்கள். எட்டயபுரத்துப் பாரதி, ஒட்டப்பிடாரத்து வ.உ.சி., இடையன்குடிக் கால்டுவெல், சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு. போப், காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவர். சங்கரன்கோவிலிலிருந்து போகிறவர் அந்த வரிசையில் நடந்தால் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு மாநாட்டுக்காகச் செய்ததே ஒரு நகரத்தின் அடையாளமாக ஆகிவிட்டது. திட்டம் தெளிவாக இருந்தால் இப்படியும் நடக்கும். வரிசை, இடைவெளி, பீடத்தின் உயரம், கடலுக்கு முதுகு காட்டிச் சாலையை நோக்கும் நிலை எல்லாம் ஒன்றுக்கொன்று பேசுகின்றன.

அந்தப் பத்தில் ஒருத்தியான கண்ணகி 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, பெரும் வாதங்களுக்குப் பிறகு 2006 ஜூனில் மீண்டும் நிறுத்தப்பட்டாள். அதே 2006 ஜூலையில் காமராஜர் சாலைச் சந்திப்பில் வந்த சிவாஜி கணேசன் சிலை, வாகன ஓட்டிகளின் பார்வையை மறைக்கிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2017 ஆகஸ்டில் எடுக்கப்பட்டு அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. ஒரு போக்குவரத்துப் பொறியாளர் முதலிலேயே இடத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பெரும் நடிகரின் சிலை இடம்பெயர வேண்டியிருந்திருக்காது. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18-ல் சொன்ன பிறகு, இடம் என்பது ரசனைக் கேள்வி மட்டும் அல்ல, சட்டக் கேள்வியும்கூட.

கேட்பது என்ற விஷயத்துக்கு வருவோம். மெரினாவை ஒட்டிக் கடலுக்குள் 134 அடி உயரப் பேனா நினைவுச்சின்னம் எழுப்பும் திட்டத்துக்காக 2023 ஜனவரி 31-ல் சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மீனவர்கள் பேசினார்கள், சூழலியலாளர்கள் பேசினார்கள், ஆதரித்தவர்களும் பேசினார்கள், கூச்சலும் இருந்தது. திட்டத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, அந்தக் கூட்டம் நடந்தது நல்லது. ஆனால் அது நடந்ததற்குக் காரணம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். கடலைத் தொட்டால் மக்களிடம் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மக்கள் தினமும் பார்க்கப்போகும் உருவத்தைப் பற்றிக் கேட்க எந்த விதியும் இல்லை. தென்மாவட்டங்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் தலைவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் குறை உறைக்கிறது. கூண்டு போட வேண்டிய இடத்தில் சிலை வைப்பதற்கு முன், அந்தத் தெருவின் எல்லாத் தரப்பும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேச்சு முடியாவிட்டால் சிலை காத்திருக்கலாம்.

பேசிச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னைக் கண்ணகி நகரைப் பார்க்கலாம். நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டவர்களின் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ளவர்கள் வருந்திய காலம் உண்டு. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து அந்தக் குடியிருப்புச் சுவர்களில் மாபெரும் ஓவியங்களைத் தீட்டவைத்தன. தலைவர்களின் முகம் அல்ல. அங்கே ஓடியாடும் குழந்தைகளின் முகம். சாரம் கட்டி ஓவியர் வேலை செய்யும்போது கீழே நின்று பார்த்த பிள்ளைகள் அந்தச் சுவரைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள். ஓவியம் குழாயில் தண்ணீர் வரவைக்காது, பேருந்தைக் கூடுதலாக ஓடவைக்காது. அதற்கு மாற்றாக அதை யாரும் காட்டவும் கூடாது. தொழில்நுட்பக் கவலை ஒன்றும் உண்டு. கடலோரக் காற்றில், கழிவுநீர்க் குழாய் கசியும் சுவரில், உப்பு பூத்தால் வண்ணம் பின்னாலிருந்து உரியும். வண்ணம் வாங்கும் முன் குழாயைச் சரிசெய்வதே ஓவிய வேலையின் முதல் படி.

கடைசியாக டெண்டர். தமிழ்நாட்டில் 1998-ன் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம். குறைந்த விலைக்காரருக்கு வேலை என்பது சாலைக்குப் பொருந்தும். ஒரே அளவு தாரும் ஜல்லியும் யார் போட்டாலும் அளந்துவிடலாம். சிலையில் முகத்தை எப்படி அளப்பது? அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு கவர் முறையில் தொழில்நுட்பக் கவரைக் கனமாக்க வேண்டும்: களிமண் மாதிரி, உலோகத்தின் சேர்மானம், முன்பு செய்து கடற்கரையில் பத்து வருடம் நின்ற வேலையின் சான்று, பராமரிப்பு அட்டவணை. மாதிரி தேறியவர்களின் விலைக் கவரை மட்டும் பிரிக்க வேண்டும். மாதிரி செய்த அத்தனை பேருக்கும் கூலி கொடுக்க வேண்டும்; மாதச் சம்பளமில்லாத சிற்பியிடம் ஒரு மாத உழைப்பை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

போய்ச் சேரும் வழியும் திட்டத்துக்குள் வர வேண்டும். குமரியில் கடல் உள்வாங்கிய நாட்களில் படகு விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடும். வள்ளுவரைத் தூரத்திலிருந்து கும்பிட்டுப் போனவர்கள் ஏராளம். இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 37 கோடி ரூபாயில் திறக்கப்பட்டது 2024 டிசம்பர் 30-ல். சிலைக்கு அப்போது வயது இருபத்தைந்து.

தூத்துக்குடி வளர்கிறது. முத்துக்குளித்தவர்களுக்கும், உப்பளத்தில் கால் வெடித்தவர்களுக்கும், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பணம் போட்டவர்களுக்கும் அந்தக் கரையில் நல்ல கலை வரத்தான் வேண்டும். வரும் என்ற அறிவிப்பைப் பார்த்தால், வாசகர்கள் கைதட்டுவதோடு ஒரு காரியமும் செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி எஸ்டிமேட்டின் நகலைக் கேளுங்கள். அதில் உலோகத்தின் தரம் எழுதியிருக்கிறதா, பத்தாண்டுப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறதா, எந்த அதிகாரி பொறுப்பு என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லி மாநகராட்சி ஆணையருக்கு மனு எழுதுங்கள்.